தடயம் – 14: கண்வலிக்கிழங்கு

போன வாரம் பூச்சிமருந்தைப் பார்த்தோம். அதற்கு வாடை உண்டு, டப்பா உண்டு, விற்ற கடை உண்டு. வேலியில் படரும் கொடிக்கு இது எதுவும் கிடையாது.

ஐப்பசி, கார்த்திகையில் வேதாரண்யம் பக்கம் போனவர்கள் செங்காந்தளைப் பார்த்திருப்பார்கள். நம் மாநில மலர். ஊர்க்காரர்கள் கண்வலிப்பூ என்பார்கள். விதைக்காக அதைப் பயிரும் செய்கிறார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின்தான் கவுட் மூட்டுவலிக்கு மாத்திரையாகிறது. அதே கோல்ச்சிசின் கிழங்கிலும் இருக்கிறது. கொடி காய்ந்து சருகானபின் அடையாளம் சொல்லப் பூவும் இருக்காது, இலையும் இருக்காது. மண்ணுக்குள் கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு மட்டும் கிடக்கும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அதை வேகவைத்துத் தின்றவர்களைப் பற்றி மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. வேகவைத்தாலும் விஷம் போகாது.

முதல் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான். மழைக்காலம் முடிந்த டெல்டாவில் அதைப் பார்க்கும் எவருக்கும் கெட்ட தண்ணீர், கெட்டுப்போன சாப்பாடு என்றுதான் தோன்றும். ரத்த அணுக்கள் சரிவதும் சிறுநீரகம் கெடுவதும் அதற்குப் பிறகு. பிழைத்தவர்களுக்குக் கொஞ்ச நாள் கழித்து முடி கொட்டும். இலங்கையில் இப்படி உடல் முழுக்க முடி உதிர்ந்த ஒரு நோயாளியைப் பற்றி 1966-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டாக்டர் குணரத்ன எழுதினார். முடி கொட்டும்வரை காத்திருந்து நோயைக் கண்டுபிடிப்பதில் யாருக்கும் பயனில்லை.

இறந்துபோனால் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகள் செறிவான உப்புக் கரைசலில் போடப்பட்டு, தஞ்சாவூர் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் போன்ற இடங்களுக்குப் போகும். இந்த வேலை நமக்குப் புதிதல்ல. சென்னையில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் 1849-லேயே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தில் ஸ்டாஸ் என்ற வேதியியலாளர், கொலையுண்டவரின் உடலிலிருந்து நிகோட்டினைப் பிரித்துக் காட்டினார். அந்த வழிதான் பின்னால் உலகம் முழுக்கப் பரவியது.

வழி இதுதான். அரைத்த திசுவை அமிலமாக்கி, பிரிபுனலில் குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்குவார்கள். கனமான குளோரோஃபார்ம் அடியில் தங்கும். அதில் கொழுப்பும் வேறு சிலவும் இறங்கிவிடும். எட்டியின் ஸ்ட்ரிக்னின், ஊமத்தையின் அட்ரோபின் போன்ற ஆல்கலாய்டுகள் மேலே நீரிலேயே நிற்கும். பிறகு காரமாக்கிக் குலுக்கினால் அவையும் இறங்கும். கோல்ச்சிசின் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது. அமிலக் கட்டத்திலேயே கொழுப்போடு சேர்ந்து இறங்கிவிடும். ஆல்கலாய்டு என்று நம்பி இரண்டாவது அடுக்கில் மட்டும் தேடினால் கையில் ஒன்றும் கிடைக்காது. வெளிச்சம் பட்டாலும் அது வேறு பொருளாக மாறும். பாட்டிலை இருட்டில் வைக்க வேண்டும்.

இன்று பொருள்களைப் பிரித்து அவற்றின் நிறையை அளக்கும் எல்.சி.-எம்.எஸ். கருவி இருந்தால், ஒரு மில்லி ரத்தத்தில் நானோகிராம் கணக்கில் இருந்தாலும் பிடித்துவிடலாம். கோல்ச்சிசினின் 400 நிறையுள்ள அயனி உடைந்து 358 வர வேண்டும். ஆனால் இந்த முறையில் எந்த எண்ணைத் தேடுவது என்று கருவிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அனுப்பும் படிவத்தில் ‘உணவு விஷம்’ என்று மட்டும் இருந்தால் கோல்ச்சிசினைத் தேட யாருக்கும் தோன்றாது. ‘விஷம் எதுவும் கண்டறியப்படவில்லை’ என்று வரும் அறிக்கையை, விஷமே இல்லை என்று படிப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. தேடியவற்றில் எதுவும் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

1998-ல் டெல்லியில் கால் வீங்கி, மூச்சுத் திணறி 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே விடை கடுகு எண்ணெயில் இருந்தது. பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருந்தது. நோயாளியோடு அவர் வீட்டு அடுப்படியையும் பார்த்தால்தான் இப்படிப்பட்ட விடை கிடைக்கும்.

அதனால் தண்ணீர் மாதிரி எடுக்கப் போகும் சுகாதார ஆய்வாளர் குப்பையையும் ஒரு பார்வை பார்க்கட்டும். கிழங்குத் தோல், சட்டியில் ஒட்டிய மிச்சம், நோயாளி எடுத்த வாந்தி ஆகியவற்றைத் தனித்தனிச் சுத்தமான பாட்டிலில், எதுவும் கலக்காமல், வெளிச்சம் படாமல் எடுத்து வைத்தால் போதும். கிழங்கு எங்கே தோண்டியது என்று கேட்டுப் படிவத்தில் ஒரு வரி எழுதலாம். அந்த வரி இருந்தால் ஆய்வகத்தில் இருப்பவர் பிரிபுனலின் முதல் அடுக்கை எடுத்து வைப்பார்.

அடுத்த வாரம் மஞ்சள் அரளி. இதய மாத்திரைக்காக உண்டான ரத்தப் பரிசோதனை ஒன்று அதையும் பிடித்துக்கொடுக்கிறது. ஆனால் அதில் வரும் அளவை அப்படியே நம்பக் கூடாது.