ரெட்வுட் மரக்காட்டில் ஒரு நடை: எந்தப் பாலத்தில் திரும்புவது?

கலிபோர்னியாவில் வாழும் பிள்ளைகளுடன் சில மாதங்கள் தங்கச் செல்லும் பெற்றோர், பயணத்துக்கு முன் எங்களிடம் கேட்பதுண்டு: “அங்கே பெரிய மரக்காட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார்கள். இந்த உடம்போடு நான் நடக்கலாமா?” நாங்கள் விடை கூறுமுன்னரே, உடன் வந்த உறவினர் “வேண்டாம்” என்று சொல்லிவிடுவதும் உண்டு. நடப்பதா, வேண்டாமா என்பதைவிட, எவ்வளவு நடப்பது என்பதே இங்குச் சரியான கேள்வி.

காடும் மரமும்

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, பசிபிக் கடலை நோக்கிச் சரியும் ரெட்வுட் பள்ளத்தாக்கில் மியூர் வுட்ஸ் காடு உள்ளது. வில்லியம் கென்ட் என்பவர் அரசுக்குக் கொடையாக அளித்த இந்நிலத்தை, 1908ஆம் ஆண்டு அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தேசிய நினைவிடமாக அறிவித்தார்.

ரெட்வுட் என்பது நம் நாட்டுச் செம்மரம் அன்று. அது கடலோரத்தில் வளரும் ஊசியிலை மரம். உலகின் மிக உயரமான மர இனமும் இதுவே. இக்காட்டின் மிக உயர்ந்த மரம் ஏறத்தாழ 78 மீட்டர் உயரமுடையது. இங்குள்ள முதிர்ந்த மரங்கள் பலவற்றின் வயது 600 முதல் 800 ஆண்டுகள். ஆயினும் அவற்றின் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. பக்கவாட்டில் பரந்து, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. மழையற்ற கோடையில், கடலிலிருந்து வரும் மூடுபனி இலைகளில் படிந்து, துளித்துளியாக வேரடியில் சொட்டுகிறது. மரத்துக்கு உணவூட்டும் அந்தக் குளிரும் ஈரமுமே நோயாளிகள் முதலில் கருத்தில் கொள்ள வேண்டியவை.

எவ்வளவு தொலைவு?

பள்ளத்தாக்கின் அடியில் ஓடையை ஒட்டிச் செல்லும் முதன்மைப் பாதை பெரும்பாலும் சமதளமானது. மரப்பலகையோ தளமோ இடப்பட்டது. ஓடையின் குறுக்கே வரிசையாகப் பாலங்கள் உள்ளன. இரண்டாம் பாலம் வரை சென்று திரும்ப அரை மணி, மூன்றாம் பாலம் வரை ஒரு மணி, நான்காம் பாலம் வரை ஒன்றரை மணி நேரம் ஆகலாம். மெதுவாக நடப்போர் கூடுதல் நேரம் ஒதுக்குக. மலைச்சரிவில் ஏறும் கிளைப்பாதைகளை இதய, நுரையீரல் நோயுள்ளோர் தவிர்ப்பது நன்று.

வீட்டருகே களைப்பின்றி எத்தனை நிமிடம் நடக்கிறீர்களோ, அதில் பாதியானதும் திரும்பிவிடுங்கள். நடக்கும்போது தொடர்ச்சியாகப் பேச முடிய வேண்டும். ஓரிரு சொல்லுக்கே மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்று பொருள்.

உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை

இதய நோயாளிகள், மருத்துவர் பரிந்துரைத்திருப்பின், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளோருக்கு இன்ஹேலரும், மூக்கையும் வாயையும் மூடும் துணியும் தேவை. நீரிழிவு உள்ளோர் குளுக்கோஸ் எடுத்துச் செல்க. வெறுங்காலோ செருப்போ கூடாது. இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர் ஈரப் பலகையில் வழுக்காத காலணி அணிக. சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோர் நுழைவாயில் அருகிலுள்ள கழிப்பறையைப் பயன்படுத்திய பின் நடையைத் தொடங்குவது நன்று.

உடன் செல்வோருக்கு

காட்டில் கைப்பேசித் தொடர்பு கிடைப்பதில்லை. எனவே மருந்துகளின் பெயர்ப்பட்டியலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்துமிடத்துக்கோ பேருந்துக்கோ முன்பதிவு கட்டாயம். அதையும் முன்னரே பதிவிறக்கிக் கொள்ளுங்கள். நெடுந்தூர விமானப் பயணத்தின் அலுப்புத் தீர்ந்த பின்னரே நடைக்கான நாளைக் குறியுங்கள். நோயாளியின் வேகமே அனைவரின் வேகமாகட்டும்.

நெஞ்சுவலி, மயக்கம், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் நோயாளியை அங்கேயே அமர வையுங்கள். ஒருவர் உடனிருக்க, மற்றொருவர் விரைந்து காட்டுப் பணியாளருக்குத் தெரிவிக்க வேண்டும். “கொஞ்ச தூரம்தானே” என நோயாளியை நடத்தி வருதல் கூடாது.

திரும்பும் பாலத்தை வீட்டிலேயே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். காட்டுக்குள் சென்றபின் ஒருவர் ஆசையும் மற்றவர் அச்சமும் மோதிக்கொள்ள வேண்டியிராது. அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், பயணத்துக்கு முன் தம் மருத்துவரிடம் நடைக்கான அளவைக் கேட்டறிய வேண்டுகிறோம். இரண்டாம் பாலத்திலேயே திரும்பினாலும் குறையொன்றுமில்லை. அந்த முதிய மரங்கள் அதற்குள்ளாகவே உங்கள் இருபுறமும் நின்றிருக்கும்.