உருளும் பந்தும் உராயும் தரையும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)



"உராய்வு நமக்கு நண்பனா, பகைவனா?" இயற்பியல் வகுப்பில் சிஸ்டர் இக்கேள்வியைக் கேட்டதும் வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. இயந்திரங்களைத் தேய்ப்பதும் சைக்கிளை மிதிக்கும் காலைச் சோர வைப்பதும் உராய்வுதான், எனவே அது பகைவனே என்றனர் ஒரு சாரார். உராய்வு இல்லையென்றால் நடக்கவும் முடியாது, கரும்பலகையில் எழுதவும் முடியாது, தீக்குச்சியும் பற்றாது என்று நாங்கள் வாதாடினோம். மணி அடித்தது, வாதம் முடியவில்லை. அந்த வாரமே எங்கள் தோழி ஒருத்தியின் அக்கா எழுதிய கடிதம் இந்த வாதத்தை வேறொரு திசைக்குத் திருப்பிவிட்டது. அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அக்கா அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். ஒரு மாலை அலுவலகத்தாருடன் பௌலிங் ஆடச் சென்றிருக்கிறார். இது கிரிக்கெட் பௌலிங் அன்று. 'லேன்' எனப்படும் நீண்ட வழவழப்பான பாதையின் கோடியில் 'பின்' எனப்படும் பத்துக் கட்டைகள் முக்கோணமாக நிற்கும். கனமான பந்தை உருட்டி அவற்றை வீழ்த்த வேண்டும். எல்லைக் கோட்டிலிருந்து முதல் கட்டைக்கு 60 அடி. பாதையின் அகலம் சுமார் 41½ அங்குலமே. முதல் உருட்டலிலேயே பத்தும் வீழ்ந்தால் அதற்கு 'ஸ்ட்ரைக்' என்று பெயர்.

அக்கா வலுவெல்லாம் கூட்டி உருட்டினார். பந்து நேராகச் சென்று நடுவில் மோதியது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஓரத்துக் கட்டைகள் இரண்டு மூன்று அசையாமல் நின்றன. "பெண்களின் கைக்கு வலு போதாது" என்று உடன் வந்த ஒருவர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டாராம். அப்போது அடுத்த லேனில் நரைத்த தலையுடன் ஒரு பாட்டி ஆடிக்கொண்டிருந்தார். அவர் பந்து மெதுவாகவே சென்றது. முதலில் வலப்புறம் ஒதுங்கிப் போனது; கட்டைகளை நெருங்கும்போது யாரோ அழைத்தாற்போல் இடப்புறம் வளைந்து புகுந்தது. பத்தும் சரிந்தன! வியந்து நின்ற அக்காவிடம் பாட்டி தம் பந்தைக் காட்டி, "உன் கையில் குறை இல்லை, மகளே. பந்தின் தோலைப் பார்" என்றாராம்.

பந்தின் தோலில் அப்படி என்ன இருக்கிறது? சிஸ்டரின் உதவியோடு நாங்கள் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைக் கூறுகிறோம்.

முதலில், பந்து ஏன் வளைய வேண்டும்? நேராக வரும் பந்து முதல் கட்டையில் மோதியதும் விலகிவிடுகிறது. அதன் பின்னால் நிற்கும் கட்டைகளை அது எட்டுவதில்லை. வலக்கை ஆட்டக்காரர் முதல் கட்டைக்கும் மூன்றாம் கட்டைக்கும் இடையிலுள்ள சந்தில் சாய்வாகப் பந்தைப் புகுத்த வேண்டும். அந்தச் சாய்வு 4 முதல் 6 பாகை வரை இருந்தால் பத்தும் விழும் வாய்ப்பு அதிகம். நேர்ப்பந்தால் இச்சாய்வைப் பெற முடியுமா? நம் கணக்கு நோட்டே விடை சொல்லும். பாதையின் பாதி அகலம் சுமார் 20 அங்குலம். நீளம் 60 அடி, அதாவது 720 அங்குலம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உருட்டினாலும் டேன் மதிப்பு 20/720, ஏறத்தாழ 0.028 தான். அட்டவணையைப் பார்த்தால் 2 பாகைக்கும் குறைவு! ஆகவே எவ்வளவு வலிமையான கையாக இருந்தாலும் நேர்ப்பந்துக்கு அந்தக் கோணம் கிடைக்காது. பந்து வளைந்தே தீர வேண்டும்.

வளைப்பது யார்? உராய்வுதான். கைதேர்ந்தவர்கள் பந்தை விடும்போது விரல்களால் பக்கவாட்டில் ஒரு சுழற்சி கொடுக்கிறார்கள். பந்து முன்னே செல்கிறது. ஆனால் பக்கமாகச் சுழல்கிறது. தரை வழுக்கும்வரை இச்சுழற்சியால் பயனில்லை. சேற்றில் சிக்கிய வண்டியின் சக்கரம் சுற்றியும் வண்டி நகராதது போல. தரையைப் பற்றியதும் சுழற்சி பந்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. ஆகவே பந்தின் பயணம் மூன்று கட்டங்களைக் கொண்டது: முதலில் சறுக்கல், பிறகு வளைவு, இறுதியில் நேர் உருளல்.

சறுக்குவதற்குக் காரணம் லேனின் மீது பூசப்படும் எண்ணெய். மரத்தால் ஆன லேன்கள் பந்து தேய்த்துக் கெடாமல் இருக்க எண்ணெய் பூசும் வழக்கம் வந்தது. இப்போது பெரும்பாலும் செயற்கைப் பலகைகளே. எனினும் எண்ணெய் ஆட்டத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. சாதாரணமாக முதல் 40 அடி அளவுக்கே எண்ணெய் இருக்கும். கடைசி 20 அடி உலர்ந்திருக்கும். நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் பூசுவது பொது அரங்குகளின் வழக்கம். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பந்துக்குத் தெரியும்!

இதைச் சோதித்துப் பார்க்க எங்களுக்கு ஆசை. சிஸ்டரின் அனுமதியோடு ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய பலகையைக் கிடத்தி, முன் பாதியில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவி, ரப்பர் பந்தைத் திருகி விட்டோம். எண்ணெய் மேல் நேராகப் போன பந்து உலர்ந்த பகுதியைத் தொட்டதும் வளைந்தது. கண்ணாடிக் கோலிக்குண்டோ கடைசி வரை ஏறக்குறைய நேராகவே ஓடியது. பலகை ஒன்றே, எண்ணெய் ஒன்றே. மேற்பரப்பு மட்டுமே வேறு. (அதன்பின் ஆய்வுக்கூடத் தரையை நாங்கள்தான் துடைத்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.)

பௌலிங் பந்தின் வரலாறும் இந்த மேலோட்டின் வரலாறே. முற்காலத்தில் கனமான மரப்பந்துகள் இருந்தன. 1905-ல் கடின ரப்பர் பந்து வந்தது. 1960-களில் பாலியெஸ்டர் என்னும் பிளாஸ்டிக் பந்து பரவியது. இது கடினமானது, வழவழப்பானது, எண்ணெயை உறிஞ்சாதது; நம் கோலிக்குண்டைப் போன்றது. அரங்குகளில் வருவோர்க்கெல்லாம் கொடுக்கும் பொதுப்பந்துகள் பெரும்பாலும் இவ்வகையே. அக்காவின் கைக்கு வந்ததும் இதுதான். 1981-ல் யுரேத்தேன் மேலோடு அறிமுகமானது. அது தரையை நன்கு பற்றிச் சீரான வில்போல வளைந்தது. 1990-களின் தொடக்கத்தில் 'ரியாக்டிவ் ரெசின்' எனும் மேலோடு வந்தது. இதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் பந்து உலர்ந்த தரையை அடைந்ததும் வலுவாகப் பற்றித் திடீரென வளைகிறது. ஆனால் உறிஞ்சிய எண்ணெய் உள்ளேயே தேங்கினால் பந்து வளையும் திறனை இழந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்திற்குப் பின்னும் துடைக்க வேண்டும். அவ்வப்போது வெதுவெதுப்பான நீரில் வைத்து எண்ணெயை வெளியேற்றுபவர்களும் உண்டு.

மேலோடு எந்தப் பொருளால் ஆனது என்பது போலவே, அது எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரே பந்தை 500 எண் உப்புத்தாளால் தேய்த்தால் சொரசொரப்பாகும், 4000 எண்ணால் தேய்த்தால் மழமழப்பாகும், மெருகும் ஏற்றலாம். சொரசொரப்பான பந்தின் நுண்ணிய மேடுகள் எண்ணெய்ப் படலத்தைத் துளைத்துத் தரையைத் தொடும்; மழையில் டயரின் வரிகள் சாலையைப் பற்றுவது போல. ஆகவே எண்ணெய் மிகுந்த லேனில் அது உதவும். அப்படியானால் எப்போதும் சொரசொரப்பே நல்லதா? இல்லை! எண்ணெய் குறைந்த லேனில் அப்பந்து முன்கூட்டியே பற்றிவிடும். வளைவதற்கான சுழற்சியைப் பாதி வழியிலேயே செலவிட்டுக் கட்டைகளை அடையும்போது களைத்துப் போயிருக்கும். மெருகேற்றிய பந்தோ தன் சுழற்சியைச் சேமித்துக்கொண்டு கடைசியில் கூர்மையாக வளையும். 2005-ல் உருவான யுனைட்டெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் பின்னர் நடத்திய ஆய்வில், பந்தின் போக்கை முடிவு செய்யும் காரணிகளுள் மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களே முன்னணியில் நின்றன.

இங்கே ஒரு நேர்மைக் கேள்வியும் எழுகிறது. 1973-ல் டான் மெக்கியூன் என்ற அமெரிக்க வீரர் பிளாஸ்டிக் பந்தை ஒரு ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்து அதன் மேலோட்டை மென்மையாக்கினார். அது லேனை நன்றாகப் பற்றியது. அவ்வாண்டு அவர் ஆறு பட்டங்களை வென்று ஆண்டின் சிறந்த வீரரானார். அப்போது அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. ஆகவே அவர் விதியை மீறினார் என்று சொல்ல முடியாது. ஆனால் மற்றவர்களும் எளிதில் தீப்பற்றும் அக்கரைப்பானில் பந்தை ஊறவைக்கத் தொடங்கினர். ஆவியைச் சுவாசிப்பதும் தீங்கே. எனவே அப்பத்தாண்டிலேயே பந்தின் கடினத்தன்மைக்குக் கீழ்வரம்பு விதித்தார்கள். அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் வகுத்த அளவு 72. இன்றும் ஆட்டம் தொடங்கிய பிறகு பந்தை உப்புத்தாளால் தேய்த்து மாற்றக் கூடாது. புதிய பந்துகள் எவ்வளவு வேகமாக எண்ணெயை உறிஞ்சலாம் என்பதற்கும் 2020-ல் வரம்பு வந்தது. இதைப் பற்றி எங்களுக்குள் நெடுநேரம் விவாதித்தோம். "விதி இல்லையே" என்பது ஒன்று. "எல்லோருக்கும் நியாயமா" என்பது இன்னொன்று என்று உணர்ந்தோம். தேர்வு எழுதும் நமக்கும் இது பொருந்தும் அன்றோ?

"கைக்கு வலு போதாது" என்ற சொல்லுக்கும் விடை கூறிவிடுகிறோம். 2010 ஜனவரியில் லாஸ் வேகஸ் நகரில் நடந்த 'டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' போட்டியின் இறுதி ஆட்டத்தில் கெல்லி குலிக் என்ற பெண்மணி, புகழ்பெற்ற வீரர் கிறிஸ் பார்ன்ஸை 265-க்கு 195 என்ற கணக்கில் வென்றார். ஆண்களுடன் ஆடி அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தின் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவரே. வலு மட்டுமே வெற்றி தருமென்றால் இது நடந்திருக்குமா? லேனைப் படித்து, அதற்கேற்ற பந்தைத் தேர்ந்து, ஒரே சீராக உருட்டும் பயிற்சியே வெற்றி தருகிறது.

இனி சிஸ்டரின் கேள்விக்கு வருவோம். உராய்வு நண்பனா, பகைவனா? முதல் 40 அடியில் உராய்வு மிகுந்தால் அது பகைவன். கடைசி 20 அடியில் இல்லையென்றால் இழப்பு. உரிய இடத்தில் உரிய அளவில் இருக்கும்போதே அது நண்பனாகிறது. இவ்விடையைச் சொன்னபோது சிஸ்டர் புன்னகைத்தார். இரு சாராருமே தோற்றோம், இரு சாராருமே வென்றோம்!

அக்கா இப்போது பழைய யுரேத்தேன் பந்து ஒன்றை வாங்கி, வாரம் ஒருமுறை பாட்டியிடம் கற்று வருகிறார். பந்து மாறியதும் எல்லாம் மாறிவிடவில்லை; கையைத் திருப்பப் பழகவே இரண்டு மாதம் ஆயிற்றாம். "இன்னும் சில நாள் ஓரத்துக் கட்டை ஒன்று நின்று என்னைப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போது நான் என் கையைத் திட்டுவதில்லை. எண்ணெய் எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

தோழியரே! ஒரு பாடம் வரவில்லையென்றால் "எனக்கு மூளை இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்வதற்கு முன், அக்காவைப் போல நாமும் ஒருமுறை காரணத்தைத் தேடிப் பார்ப்போமா?