உங்களுக்குத் தெரியுமா? துருத்தி வைத்த கேமரா

1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை நீளப் படமாக எடுத்தார் லினியஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 21 படங்களை ஒட்டிச் சேர்த்ததில் நீளம் சுமார் 19 அடி! அன்று நெகட்டிவ் எவ்வளவோ, படமும் அவ்வளவுதான். நம்மூர் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளில் பாசிட்டிவ் ஃபிலிமை ஸ்கிரீன்மேல் வைத்து எக்ஸ்போஸ் செய்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பெரிய படம் வேண்டுமா, பெரிய கேமராவை மாட்டு வண்டியில் ஏற்றியாக வேண்டும். கண்ணாடித் தகடு கனம் என்பதால், பெரும்பாலும் மெழுகு பூசிய காகிதத்தையே அவர் நெகட்டிவாக வைத்துக்கொண்டார்.

இன்று வெளியூர் போய் எடுக்க 4க்கு 5 அங்குல ஃபிலிமே தாராளம். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமைப் போல ஏறத்தாழ 15 மடங்கு பரப்பு அது. ஒற்றைத் தண்டில் நகரும் மோனோரெயில் கேமராவில் அசைவுகள் அதிகம்; ஆனால் அது ஸ்டுடியோவுக்கு உரியது. தோள்பையில் போக, மடக்கும் மர ஃபீல்டு கேமராதான் என் தேர்வு.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: லென்ஸ் பலகை மேலே ஏற வேண்டும். அவிநாசி கோயில் கோபுரத்தைக் கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் உச்சி உள்வாங்கிக் குறுகும். கேமராவை நேராக நிறுத்தி, லென்ஸை மட்டும் உயர்த்தினால் கோபுரம் கோபுரமாகவே நிற்கும்.

பின்பக்க மங்கல் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். வெளிச்சத்தை மறைத்து அதைப் பார்க்கக் கருப்புத் துணி வேண்டும். பனியன் தைக்கும் நம்மூருக்கு அதுவா பஞ்சம்? கனமான துணியில் பெரிய கருப்பு டி-சர்ட் போதும். அடிப்பக்கத்தைக் கேமராவில் மாட்டி, கழுத்து வழியே பார்க்கலாம். வெளிநாட்டுக் கலைஞர்களும் இப்படிச் செய்வதுண்டு.

நம் பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஃபீல்டு கேமராவுக்கு லண்டனை மட்டும் எதிர்பார்க்கவில்லை. ஆலப்புழையில் 1940களிலேயே தேக்கும் பித்தளையுமாக ‘வாகீஸ்வரி’ ஃபீல்டு கேமரா பிறந்துவிட்டது. செய்தவர் கருணாகரன், இசைக்கருவிகளைப் பழுது பார்த்த குடும்பத்தின் பிள்ளை.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இருட்டறையில், லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே மடிந்து விரியும் துருத்திக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி கசியாமல், மற்ற பாகங்களும் சரியாக இருந்தால் அது இன்றும் படம் எடுக்கும்; கசிந்தால் துருத்தியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.