இணைய ஏலத்தில் பணம் செலுத்தாமை

இணைய ஏலத்தில் பணம் செலுத்தாமை என்பது, இணையவழி ஏலம் ஒன்றில் அதிக விலை கேட்டு வென்றவர் அந்தத் தொகையைக் குறித்த காலத்துக்குள் கட்டாமல் விடுவதைக் குறிக்கும். பழைய கைப்பேசி ஏலம் முதல் வங்கிகள் நடத்தும் கோடிக்கணக்கான ரூபாய் சொத்து ஏலம் வரை இது நிகழ்கிறது. ஏமாற்றும் நோக்கத்தோடு ஏலம் கேட்பவர்களும் உண்டு. ஆயினும் விதிமுறைகளைப் படிக்காமலும் பணத்துக்கு வழி செய்யாமலும் இறங்கிவிடும் புதியவர்களாலும் பல ஏலங்கள் முறிகின்றன. இதன் இழப்பு விற்பவருக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் சில வகை ஏலங்களில், வென்று பணம் கட்டத் தவறியவர் தமது சேமிப்பையே இழக்க நேரிடும்.

ஏலம் ஓர் ஒப்பந்தம்

பொருள்களின் ஏலத்தை இந்தியாவில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் நெறிப்படுத்துகிறது. அதன் 64ஆம் பிரிவின்படி, ஏலம் நடத்துபவர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ முடிவை அறிவித்ததும் விற்பனை நிறைவடைகிறது. அதுவரை எவரும் தாம் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். அதன் பிறகு பெற முடியாது. இணையத்தில் சுத்தியலின் இடத்தைக் கடிகாரம் எடுத்துக்கொள்கிறது. மின்னணு முறையில் செய்துகொண்டது என்பதற்காகவே ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு தெளிவுபடுத்துகிறது.

பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்தியாவில் செல்லாது. பெற்றோரின் கைப்பேசியிலிருந்து பிள்ளை ஏலம் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளைமீது விற்பவர் ஒப்பந்த உரிமை கோர முடியாது.

புதியவர்கள் தவறுவதற்கான காரணங்கள்

கடைத் தளங்களில் பொருளைக் கூடையில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். அதனால் எந்தக் கடப்பாடும் ஏற்படாது. அந்தப் பழக்கத்தோடு ஏலத்துக்கு வருபவர், ஏலம் கேட்பதையும் விருப்பப் பட்டியலில் சேர்ப்பது போலவே எண்ணிவிடுகிறார். ஒரே வகைப் பொருளுக்கு நான்கு இடங்களில் ஏலம் கேட்டு, நான்கிலும் வென்றுவிடுபவர்களும் உண்டு.

பல தளங்களில், ஏலம் கேட்பவர் தம் உச்ச வரம்பை முன்கூட்டியே பதிந்துவிட்டால், அந்த வரம்பு வரை கணினியே அவருக்காக விலையை ஏற்றிக்கொண்டு போகும். இதை அறியாதவர் எட்டாத தொகை ஒன்றை வரம்பாகக் குறித்துவிடுகிறார். கடைசி நிமிடப் போட்டியில் ஆத்திரத்துக்கு விலை ஏற்றுவது மற்றொரு காரணம். சரக்கு சேவை வரி, லாரி வாடகை, பதிவுக் கட்டணம் முதலியவை ஏலத்தொகைக்கு மேல் வரும் என்பதும் பலருக்கு வென்ற பிறகே தெரியவருகிறது.

தோல் தொழில் பகுதியின் நிலை

ஆற்காடு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களைக் கொண்ட பகுதி தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர் பெற்றது. தோலைத் தொட்டு, தடிப்பும் தரமும் பார்த்து விலை பேசுவது இத்தொழிலின் வழக்கம். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள். இல்லையென்றால் இடையில் ஒரு தரகர் இருப்பார். பணம் தாமதமானாலும் யாரிடம் போய்க் கேட்பது என்பது தெரிந்திருக்கும். இணைய ஏலத்தில் இந்த அறிமுகம் கிடையாது.

இதனால் நேரும் இழப்பை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஆம்பூரில் உள்ள ஒரு சிறு காலணிப் பட்டறை, மிஞ்சிய 2,000 சதுர அடித் தோலை இணையத்தில் ஏலம் விடுகிறது. ஒருவர் சதுர அடிக்கு 95 ரூபாய் கேட்டு வெல்கிறார். அடுத்தவர் கேட்டது 80 ரூபாய். வென்றவர் பணம் கட்டவில்லை. மூன்று வாரம் காத்திருந்துவிட்டு இரண்டாமவரை அழைத்தால், அவர் வேறிடத்தில் வாங்கிவிட்டார். மறு ஏலத்தில் 70 ரூபாய்தான் கிடைக்கிறது. 1,90,000 ரூபாய்க்குப் போன சரக்கு 1,40,000 ரூபாய்க்கு விற்கிறது. 50,000 ரூபாய் குறைந்ததோடு மூன்று வாரம் முதலும் முடங்கியது.

இந்த இழப்பை ஈடுசெய்யச் சட்டத்தில் வழி உண்டு. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, பணம் பெறாத விற்பவர் தம் வசமுள்ள சரக்கை மறுவிற்பனை செய்யப்போவதாக வாங்கியவருக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் பணம் வராவிட்டால் சரக்கை விற்று, குறைந்த தொகையை அவரிடம் கோரலாம். அறிவிப்பு கொடுக்காமல் விற்றால் இழப்பீடு கேட்க முடியாது. மறுவிற்பனையில் லாபம் வந்தால் அதுவும் முதலில் வாங்கியவரையே சேரும். எனினும், வெளிமாநிலத்தில் உள்ள ஒருவர்மீது 50,000 ரூபாய்க்காக வழக்கு நடத்தும் செலவும் அலைச்சலும் பல சிறு விற்பனையாளர்களுக்குக் கட்டுபடியாகாது.

ஏலத் தளங்களின் நடைமுறை

1995இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஈபே தளம், பணம் கட்டாதவர்களைக் கையாளத் தனி நடைமுறையை வகுத்துள்ளது. நான்கு நாட்கள் கடந்தும் பணம் வராவிட்டால் விற்பவர் விற்பனையை ரத்துசெய்யலாம். அது வாங்கியவரின் கணக்கில் குறையாகப் பதிவாகும். அத்தகைய பதிவுகள் உள்ளவர்கள் தம் பொருள்களுக்கு ஏலம் கேட்காதபடி விற்பவர் தடுத்துக்கொள்ளலாம். அடுத்த நிலையில் உள்ளவருக்கு அவர் கேட்ட விலைக்கே பொருளை அளிக்க முன்வரும் வசதியும் உண்டு. 2008 முதல், வாங்குபவரைப் பற்றி எதிர்மறைக் கருத்து எழுதும் உரிமை அத்தளத்தில் விற்பவர்களுக்கு இல்லை.

இந்தியாவில் 2000இல் தொடங்கிய பாஸி.காம் ஏலத் தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. அதன் பைசாபே முறையில், வாங்குபவரின் பணம் முதலில் தளத்திடம் வந்து, பிறகு விற்பவருக்கு விடுவிக்கப்பட்டது. பணம் கட்டியும் பொருள் வராது என்ற அச்சத்தை இது குறைத்தது. பணமே கட்டாதவர் விஷயத்தில் இம்முறையால் பயனில்லை. ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது.

வங்கிச் சொத்து ஏலம்

கடன் திரும்பாதபோது அடமானச் சொத்தை வங்கிகள் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி ஏலம் விடுகின்றன. இந்த ஏலங்கள் இப்போது பெரும்பாலும் இணையவழியில் நடக்கின்றன. வீடு, மனை மட்டுமன்றித் தொழிற்சாலைகளும் ஏலத்துக்கு வருகின்றன.

இச்சட்டத்தின் விதிகள் கடுமையானவை. வென்றவர் அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள், முன்வைப்புத் தொகையையும் சேர்த்து விலையில் 25 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். விற்பனை உறுதியான 15ஆம் நாளுக்குள் மீதித் தொகையைச் செலுத்த வேண்டும். எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் இக்கெடுவை மூன்று மாதத்துக்கு மேற்படாமல் நீட்டிக்கலாம். தவறினால் கட்டிய பணம் பறிமுதலாகும். சொத்தின்மீதும் பின்னர் அது விற்கும் தொகையின்மீதும் அவருக்கு எந்த உரிமையும் இராது.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் இவ்விதியை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 2 அன்று உறுதிசெய்தது. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 2021இல் நடத்திய ஏலத்தில் ஒருவர் 12.27 கோடி ரூபாய்க்கு ஒரு சொத்தை எடுத்து, 25 விழுக்காடாக 3.06 கோடி ரூபாய்க்கு மேல் கட்டினார். மீதியை அவரால் திரட்ட முடியவில்லை. அவர் கட்டிய தொகையின் பெரும்பகுதியைத் திருப்பித் தருமாறு சென்னை உயர் நீதிமன்றம் கூறியதை எதிர்த்து வங்கி மேல்முறையீடு செய்தது. இப்பறிமுதல் சட்டமே விதித்த விளைவு என்றும், ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகளைக் காட்டி அதைக் குறைக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் நடந்த விற்பனையில் வங்கிக்கு நிலுவை கிடைத்துவிட்டது என்பதும் பணத்தைத் திருப்பித் தரக் காரணமாகாது. மிக விதிவிலக்கான சூழலில் மட்டுமே நிவாரணம் கிடைக்கும்.

தோல் பதனிடும் தொழிற்சாலையை ஏலத்தில் எடுப்பவருக்கு இடர் இன்னும் அதிகம். வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் மாசு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி இல்லாமல் ஆலையை ஓட்ட முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு நடப்பில் உள்ளதா, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துடன் இணைப்பு உள்ளதா, மின்கட்டண நிலுவை எவ்வளவு என்பவற்றை ஏலத்துக்கு முன்பே விசாரிக்க வேண்டும். சொத்து ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்படுவதால், வென்ற பிறகு குறை கண்டு பின்வாங்கினால் 25 விழுக்காடு போய்விடும்.

முன்வைப்புத் தொகையின் அளவு

வைப்புத்தொகை மிகக் குறைவாக இருந்தால் விளையாட்டுக்கு ஏலம் கேட்பவர்கள் பெருகுவார்கள். 2025 நவம்பரில் அரியானா மாநிலத்தில் ‘எச்ஆர் 88 பி 8888’ என்ற வாகனப் பதிவெண் இணைய ஏலத்தில் 1.17 கோடி ரூபாய்க்குப் போனது. வென்றவர் கெடுவுக்குள் பணம் கட்டவில்லை. அவர் இழந்த முன்வைப்புத் தொகை 10,000 ரூபாய்தான். அவரது வருமானத்தையும் சொத்தையும் விசாரிக்குமாறு அம்மாநிலப் போக்குவரத்து அமைச்சர் உத்தரவிட்டார்.

மாறாக, வைப்பு மிக அதிகமாக இருந்தால், நல்லெண்ணத்தோடு வந்து கடன் கிடைக்காமல் தடுமாறியவரும் ஏமாற்றுபவருக்குரிய தண்டனையையே பெறுகிறார். புதியவர் தயங்கித் திரும்பும் அளவுக்கு அதிகமாகவும், ஒருமுறை தவறினால் குடும்பமே நொடித்துப்போகாத அளவுக்குக் குறைவாகவும் வைப்பு அமைவதே இரு தரப்புக்கும் பொருத்தமானது.

விற்பவர் மேற்கொள்ளும் முறைகள்

* பணம் கட்ட வேண்டிய நாள், வரி, அனுப்பும் செலவு ஆகியவற்றை ஏல அறிவிப்பின் தொடக்கத்திலேயே எளிய சொற்களில் குறிப்பிடுதல்.
* விலைக்கு ஏற்ற வைப்புத்தொகையை முன்கூட்டியே பெறுதல்.
* ஏலம் முடிந்த அன்றே மொத்தத் தொகையையும் கட்டும் வழியையும் வென்றவருக்குத் தெரிவித்தல். பதிலில்லாவிட்டால் மறுநாள் தொலைபேசியில் பேசுதல். முறையறியாமல் விழிக்கும் புதியவர் பலர் இந்த ஓர் அழைப்பிலேயே பணம் கட்டிவிடக்கூடும்.
* கெடு முடிந்ததும் மறுவிற்பனை அறிவிப்பை எழுத்தில் அனுப்புதல்.
* இரண்டாமவரிடம் தாமதமின்றிக் கேட்டல்.
* பணம் கைக்கு வரும்வரை பொருளை அனுப்பாதிருத்தல். பணம் அனுப்பியதாகக் காட்டும் திரைப்படத்தை நம்பாமல், வங்கிக் கணக்கில் வரவானதைச் சரிபார்த்தல்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

உச்ச வரம்பை ஏலத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டு, வரியும் பிற செலவுகளும் அந்த வரம்புக்குள் அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். வங்கிச் சொத்து ஏலமாயின், கடன் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே இறங்குவது பாதுகாப்பானது. 15 நாட்களுக்குள் கடன் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. தவறுதலாக விலை பதிந்துவிட்டால், ஏலம் முடிவதற்குள் தளத்தின் விதிப்படி அதைத் திரும்பப் பெற முயல வேண்டும். வென்ற பிறகு பணம் கட்ட இயலாது என்று தெரிந்தால் உடனே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டாமவர் விலகிப் போவதற்குள் தகவல் கிடைத்தால், விற்பவரின் இழப்பும் அவர் கோரக்கூடிய ஈடும் குறையும்.