கூவக் கூடாது என்றால் குஞ்சு எங்கிருந்து வரும்?

மதுரை நத்தம் சாலையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றின் கடைசித் தெரு. கொல்லைப்புறத்தில் கொய்யா மரத்தடியில் ஒரு பஞ்சாரம். அதற்குள் கருப்புப் பெட்டைக்கோழி ஒன்று 24 நாளாக அடையில் கிடந்தது. கை வைத்தால் உறுமியது. அதன் வயிற்றுக்கடியில் 11 முட்டைகள். ஒன்றுகூடப் பொரியவில்லை.

“21 நாள்தான் கணக்கு. மூணு நாள் சேர்த்தே விட்டுப் பார்த்துட்டேன் தம்பி. எல்லாம் கூமுட்டை” என்றார் அந்த வீட்டு அம்மா.

அந்தத் தெருவில் இருந்த ஒரே சேவல் போய் நான்கு மாதம் ஆகிறது. விடியற்காலை நாலரைக்குக் கூவுகிறது என்று புகார் போனது, விசாரிக்க ஆள் வந்தது, அடுத்த சந்தையிலேயே அதை விற்றுவிட்டார்கள். சத்தம் பற்றிய சண்டையை எழுதத்தான் நான் அங்கே போனேன். திரும்பும்போது மனதை அறுத்தது அந்த 11 முட்டைகள்தான்.

சத்தம் பொய்யில்லை. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. பக்கத்தில் நின்று அளந்தால் சேவல் கூவுவது 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அலகை முழுதாகத் திறக்கும்போது அதன் காதுத் துளையே அடைத்துக்கொள்கிறது என்று பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் 2018இல் கண்டறிந்தார்கள். தன் குரலால் தானே செவிடாகிவிடாதிருக்க அதன் உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு அது. எதிர்வீட்டு இளைஞருக்கு அந்த வசதி இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வந்து படுப்பவர். “ஒரு வருஷம் பொறுத்தேன் சார்” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தச் சேவல் விலைபோகும் வரை, கூண்டை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது இருந்தது எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்த மதில் ஓரம். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். கொல்லைப்புறத்துக்கு மாற்றி, நடுவில் வீட்டுச் சுவரே மறைப்பாக நின்றிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். நிமிர்ந்து கழுத்தை நீட்ட முடியாதபடி இரவுக்கூண்டின் கூரையைத் தாழ்த்துவது, பக்கங்களில் கனத்த கோணி கட்டுவது என்று வளர்க்கிறவர்கள் கையில் நாலைந்து வழிகள் உண்டு. கழுத்தில் பட்டை கட்டிக் குரலை நெரிக்கும் வழியை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

இருட்டில் அடைத்தால் கூவாது என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் சேவல்களை மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். விடியலே இல்லாத அறையிலும் அவை ஏறத்தாழ நாள் கணக்கை ஒட்டியே கூவின. கடிகாரம் அதன் உடம்புக்குள் இருக்கிறது. ஆகவே இருட்டை முழுதாக நம்ப முடியாது. அதே குழு 2015இல் இன்னொன்றும் சொன்னது: கூட்டத்தின் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி காத்திருந்து பின்தொடரும். இரண்டு மூன்று சேவல் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய சேதி இது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளமாகப் போதும். ஒரு தெருவுக்கே ஒன்று போதும்.

பிரான்ஸின் ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவலின் மீது வழக்கே நடந்தது. 2019 செப்டம்பரில் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில், கிராமப்புறத்தின் ஓசைகளும் வாசனைகளும் நாட்டின் பாரம்பரியம் என்று அங்கே சட்டமும் வந்தது. படிக்க மகிழ்ச்சிதான். ஆனால் அங்கேயும் பேச்சு முழுக்கச் சத்தத்தைச் சுற்றியே நடந்தது. குஞ்சைப் பற்றி யார் பேசினார்கள்?

என் கவலை அதுதான். முட்டையிடச் சேவல் வேண்டாம். குஞ்சு பொரிக்க வேண்டும். இந்த எளிய உண்மை நகரத்து வீடுகளில் மெல்ல மறந்துபோகிறது. “நாலு கோழி மட்டும் வெச்சுக்கோங்க, சேவல் எதுக்கு?” என்று சமாதானம் பேசுகிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் கோழி முட்டை மட்டும் கொடுக்கும். வம்சம் அதோடு முடிந்துவிடும். அடுத்த தலைமுறைக்கு இன்குபேட்டரில் பொரித்த குஞ்சை அட்டைப்பெட்டியில் வாங்கி வர வேண்டும். பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுகிறது என்றால், அடைக்கு உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டித்தான் அந்த எண்ணிக்கையைக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டுக்கோழியான சிறுவிடை ஆண்டுக்கு 60, 70 முட்டையோடு நின்றுவிடும். மீதி நாளில் அது அடை காக்கும், குஞ்சைக் கூட்டிக்கொண்டு குப்பையைக் கிளறும். சேவலில்லாத தெருவில் அந்தக் குணத்துக்கு வேலை இல்லை. வேலையில்லாத குணத்தை வளர்ப்பவர்களே வேண்டாமென்று ஒதுக்கிவிடுவார்கள். அடைக் காய்ச்சல் வந்த கோழியை வாளித் தண்ணீரில் முக்கித் தெளிய வைப்பதை இப்போதே பார்க்கிறேன்.

சேவல் கூவ மட்டுமே பிறந்ததுபோல் பேசுவதும் எனக்கு வருத்தம். நல்ல இரை கிடைத்தால் அது உடனே விழுங்காது. கீழே போட்டு எடுத்து, கொக்கொக்கென்று குரல் கொடுத்துப் பெட்டைகளை அழைக்கும். வானத்தில் பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறு குரல். முதல் குரலுக்குக் கோழிகள் புதருக்குள் ஓடிப் பதுங்கும். இரண்டாவதற்குத் தலை நிமிர்த்தி எச்சரிக்கையாக நிற்கும். இதைக் கேட்காமல் வளர்கிற குஞ்சு எதைக் கற்கும்? விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட சேவலுக்கு நடுகல் நட்டு, அது எந்தச் சேரியின் சேவல் என்று வட்டெழுத்தில் பொறித்து வைத்தவர்கள் நம் முன்னோர். உறையூருக்கே கோழி என்றொரு பெயர் உண்டு. கட்டுச்சேவல் சூதாட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு பறவையை ஊரின் உறுப்பினராக எண்ணிய மனம் இருந்தது என்கிறேன்.

கூடவே போவது கைப்பழக்கமும்தான். அடைக்கு எடுக்கும் முட்டையைத் தேர்வது, கூடையில் மணல் பரப்பி ஓரத்தில் கரித்துண்டும் இரும்பும் வரமிளகாயும் வைப்பது, ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே சிவப்பு நரம்பு ஓடுகிறதா என்று பார்ப்பது. எதிர்வீட்டு இளைஞரின் ஏழு வயது மகள் இந்த வீட்டுக்கு வந்து டார்ச் பிடித்ததை அந்த அம்மா சொன்னார். சேவலைப் பிடித்துக்கொண்டு போன அன்று அவள்தான் அதிகம் அழுதாளாம்.

சேவல் போன முதல் மாதம் எதுவும் தெரியவில்லை. அந்த வீட்டின் இன்னொரு கோழியான செவலை அப்போது இட்டுக்கொண்டிருந்தது. சேவலோடு சேர்ந்தபின் இரண்டு வாரம்வரை கருவுள்ள முட்டை இடக்கூடிய உடலமைப்பு கோழிக்கு உண்டு. அந்த ஈட்டில் 9 முட்டைக்கு 7 குஞ்சு. இரண்டு சேவல் குஞ்சுகளுக்குக் கொண்டை சிவக்கத் தொடங்கியதும் அந்த அம்மா அலங்காநல்லூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். கூவ ஆரம்பித்தால் மறுபடி ஆள் வருவார்களே. பிறகு கருப்பு இட்ட முட்டைகளைத்தான் நான் பார்த்தேன்.

அவற்றைத் தென்னைமரத்தடியில் குழிதோண்டிப் புதைத்தார். கருப்பு வெறும் மணலின்மேல் மேலும் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது.

போன வாரம் அவரே போன் செய்தார். குஞ்சுகளைப் பிரித்துவிட்ட செவலையைக் கூடைக்குள் வைத்து, மேலே பழைய சேலையைக் கட்டி, டவுன் பஸ்ஸில் அலங்காநல்லூருக்குக் கொண்டுபோயிருக்கிறார். அக்கா வீட்டுப் பெரிய சேவலோடு ஐந்து நாள் விட்டுவைத்து, அதே பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்தாராம்.

“நாலு முட்டை ஆச்சு தம்பி. பென்சில்ல தேதி எழுதி அரிசிப் பானையில வெச்சிருக்கேன். எதிர்வீட்டுப் பாப்பா தினமும் வந்து எண்ணிட்டுப் போகுது.”