வேறு வீட்டுக்குப் போட்ட கடிதம்

போன மாதம் எனக்கு வந்த கடிதம் ஒன்று மூன்று வாரம் ஊர் சுற்றிவிட்டு வந்தது. எழுதியவர் ஆனைகட்டிப் பக்கம், அட்டப்பாடி மலையில் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தும் டீச்சர். தான் இருப்பது பாலக்காடு மாவட்டம் என்பதால், கைப்பழக்கத்தில் என் விலாசத்திலும் ‘ஆனைக்கரை, பாலக்காடு மாவட்டம்’ என்று எழுதிவிட்டார். பாலக்காட்டிலும் ஓர் ஆனைக்கரை உண்டு, திருத்தாலைப் பக்கம். கடிதம் ஒழுங்காக அங்கே போயிருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் சிவப்பு மையில் ‘இடுக்கி’ என்று கிறுக்கி அனுப்பியதால் எங்கள் ஏலக்காட்டுக்கு வந்து சேர்ந்தது. (தஞ்சாவூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கொள்ளிடத்து அணைக்கரைக்கு ‘ணை’ போட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.)

டீச்சரின் கேள்வி நாலு வரிதான். “ஐயா, என் வகுப்பில் அரிவாள் ரோகம் உள்ள பெண் ஒருத்தி இருக்கிறாள். ஜீனையே திருத்துகிற மருந்து வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். எங்கள் அட்டப்பாடிக்கு அது எப்போது வரும்?”

சிவப்பு மை பட்ட அந்த உறையைப் பார்த்தபோதே பதில் பாதி கிடைத்துவிட்டது. இந்த மருந்தின் கதை முழுக்க விலாசத்தின் கதை.

அரிவாள் செல் நோய் என்ன என்பதை அட்டப்பாடியில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிவப்பணு, உளுந்து வடையை ஓட்டை போடாமல் நடுவில் அமுக்கிவிட்டது போல இருக்கும். இந்த நோயில் அது பிராணவாயுவை இறக்கி வைத்ததும் விறைத்து அரிவாளாக வளைகிறது. கம்பம்மெட்டு வளைவில் ஒரு ஜீப் குறுக்கே நின்றால் பின்னால் வரும் அத்தனை தொழிலாளர் ஜீப்பும் தேங்குவது போல மெல்லிய இரத்தக் குழாயில் அணுக்கள் தேங்குகின்றன. வலி அங்கேதான் பிறக்கிறது. 120 நாள் ஓட வேண்டிய அணு 10, 20 நாளில் உடைகிறது, சோகை அதனால்.

இத்தனைக்கும் காரணம் ஒற்றை எழுத்துப் பிழை. மனித டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். 11ஆம் குரோமோசோமில் பீட்டா குளோபின் என்ற ஜீனில் ஓரிடத்தில் ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ இருக்கிறது. அந்தப் பிழையால் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுவதை 1956இல் வெர்னன் இங்க்ராம் கண்டுபிடித்தார். பிழை தெரிந்து ஏறக்குறைய எழுபது வருடம். திருத்துவதற்கு ஏன் இத்தனை காலம்? அந்த இடத்துக்குப் போய்ச் சேர வழியில்லை.

கிரிஸ்பர் என்ற கருவி வந்த பிறகு விலாசம் எழுதுவது சுலபமாயிற்று. காஸ்9 என்பது டி.என்.ஏ.வை வெட்டும் கத்தரி. அதன் கையில் 20 எழுத்துள்ள ஆர்.என்.ஏ. சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டால் 300 கோடி எழுத்துக்குள் தேடி, பொருந்தும் இடத்தில் போய் நிற்கும். பக்கத்தில் மூன்றெழுத்து அடையாளம் ஒன்றும் இருக்க வேண்டும். அதைப் பின்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக எம்மானுவேல் ஷார்பென்டியேவுக்கும் ஜெனிபர் டவுட்னாவுக்கும் 2020இல் நோபல் கிடைத்தது. ஆனால் சாதாரணக் காஸ்9 கொஞ்சம் அசட்டு போஸ்ட்மேன். ஓரிரண்டு எழுத்து பிசகியிருந்தாலும் ‘இதுவாகத்தான் இருக்கும்’ என்று வேறு வாசலில் வெட்டிவிடும். டெல்லி ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகத்தில் சௌவிக் மைத்தி, தேபஜோதி சக்ரவர்த்தி குழுவினர் வேறொரு பாக்டீரியாவின் காஸ்9ஐ எடுத்துப் பார்த்தார்கள். அது எழுத்து பிசகினால் பெரும்பாலும் ஒட்டுவதே இல்லை. 2020இல் கொரோனாவுக்கு வந்த ‘பெலூடா’ சோதனைத்தாள் இந்தப் பிடிவாதத்தை வைத்துச் செய்யப்பட்டது. அது முதலில் உருவானது கொரோனாவுக்காக அல்ல, அரிவாள் செல் பிழையைக் கண்டுபிடிப்பதற்காக. அதே குழுவின் அரிவாள் செல் ஜீன் சிகிச்சையைத்தான் 2025 நவம்பரில் ‘பிர்ஸா 101’ என்ற பெயரில் மத்திய அரசு அறிவித்தது. டீச்சர் பேப்பரில் பார்த்தது அதுவாக இருக்கும்.

நான் சொல்ல நினைத்தது இதற்கும் முன்னால் வந்த மருந்தைப் பற்றி. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த ‘காஸ்ஜெவி’, உலகில் அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் மருந்து. அரிவாள் செல் நோய்க்கான மருந்து. ஆனால் பிழை இருக்கும் 11ஆம் குரோமோசோமின் அந்த எழுத்தை அது தொடுவதே இல்லை. 2ஆம் குரோமோசோமுக்குப் போகிறது! கடிதத்தை வேண்டுமென்றே வேறு வீட்டுக்குப் போடுகிறார்கள்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

தாய் வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தாயின் இரத்தத்திலிருந்துதான் பறிக்க வேண்டும். தாயிடம் இருக்கும் அதே ஹீமோகுளோபின் குழந்தையிடமும் இருந்தால் இழுபறியில் ஜெயிக்க முடியாது. அதனால் இயற்கை சிசுவுக்குத் தனி ஹீமோகுளோபின் கொடுத்திருக்கிறது. பிராணவாயுவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பிறந்த ஆறேழு மாதத்தில், பால்பல் முளைக்கிற சமயம், இது படிப்படியாக நின்று பெரியவர்களுடைய ஹீமோகுளோபின் வந்துவிடுகிறது. அரிவாள் பிழை இருப்பது பெரியவர்களுடையதில்தான். சிசுவினுடையது வேறு ஜீனிலிருந்து வருவதால் அதில் பிழை கிடையாது. அதனால்தான் நோயோடு பிறந்த குழந்தையும் முதல் சில மாதங்கள் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும். நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் இதை 1948இலேயே சுட்டிக்காட்டினார்.

அபூர்வமாகச் சிலருக்குச் சிசு ஹீமோகுளோபின் ஆயுசு முழுக்க நிற்பதே இல்லை. அவர்களுக்கு அரிவாள் ஜீன் இருந்தாலும் பெரிய தொந்தரவு வருவதில்லை. அப்படியென்றால் மற்றவர்களுக்கு அதை நிறுத்துவது எது? அறுபது வருடம் தேடினார்கள். 2008இல் ஹார்வர்டைச் சேர்ந்த விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்க்கினும், நிறுத்துவது 2ஆம் குரோமோசோமில் உள்ள ‘பி.சி.எல்.11ஏ’ என்ற ஜீன் என்று நிறுவினார்கள். காஸ்ஜெவியின் கத்தரி போவது அங்கேதான். அதிலும் ஜீனை வெட்டுவதில்லை. மூளைக்கும் நோய் எதிர்ப்புக்கும் அந்த ஜீன் வேண்டும். சிவப்பணு உருவாகும்போது மட்டும் அதை எரியவிடுகிற ஒரு சுவிட்சு உண்டு. அதை மட்டும் நறுக்கிவிடுகிறார்கள். சிசு ஹீமோகுளோபின் மறுபடி ஊறத் தொடங்குகிறது.

எங்கள் வீட்டில் கிணற்று மோட்டார் கெட்டுப்போன கோடையில், அப்பா காலத்துக்கு முன்னால் மண் விழுந்து மூடிக் கிடந்த ஓலியை, அதாவது பழைய மலை ஊற்றை, தாத்தா வெட்டிவிட்டார். மோட்டாரைப் பிரிக்கவே இல்லை. தண்ணீர் வந்தது.

விலாசம் எழுதியாயிற்று, கடிதத்தைச் சுமந்து போவது யார்?

எங்கள் மலையில் மருந்து என்றால் பஸ்ஸில் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். கண்டக்டர் கையில் கொடுத்தால் ஜங்ஷனில் யாராவது நின்று வாங்கிக்கொள்வார்கள். ஒரு முறை அம்மாவின் இன்சுலினை அப்படிக் கொடுத்துவிட்டார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று டிரைவர் அதை இன்ஜின் மூடிமேல் வைத்திருக்கிறார். பொட்டலம் சரியான நேரத்துக்குச் சரியான கைக்கு வந்தது, சுடச்சுட. உள்ளே இருந்தது மருந்தாக இல்லை. பல்கலைக்கழகங்களில் ‘மருந்து சேர்ப்பியல்’ என்று தனித் துறையே எதற்கு என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஜீன் கத்தரியும் இன்சுலின் போல நோஞ்சான். வெறுமனே இரத்தத்தில் விட்டால் சிதைந்துபோகும். அதனால் நுண்ணிய கொழுப்புருண்டைக்குள் அடைத்து ஊசி போடுகிறார்கள். சில கொரோனா தடுப்பூசிகள் வந்தது இந்த உருண்டைக்குள்தான். கொழுப்பை வாங்கி வைப்பது கல்லீரலின் அன்றாட வேலை என்பதால் இரத்தத்தில் ஏற்றினால் உருண்டைகளில் பெரும்பங்கு கல்லீரலுக்கே போய்விடும், எந்த ஊர்ப் பஸ்ஸும் கம்பம் ஸ்டாண்டுக்குள் நுழைந்துவிட்டுப் போவது போல. நோய் கல்லீரலிலேயே இருந்தால் அதிர்ஷ்டம். 2025இல் பிலடெல்பியாவில் அப்படி ஒரு கைக்குழந்தைக்கு, அதற்கென்றே ஆறு மாதத்தில் மருந்து செய்து போட்டார்கள். நம் நோயோ எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. அங்கே நேர் பஸ் இன்னும் சரியாக ஓடவில்லை. உலகத்து ஆய்வகங்கள் பல இப்போது தலையைப் பிய்த்துக்கொள்வது இதில்தான்.

ஆகவே காஸ்ஜெவிக்குத் தலைகீழ் வழி. மருந்தை மஜ்ஜைக்கு அனுப்ப முடியவில்லையா, மஜ்ஜையை மருந்திடம் கொண்டு வா! இரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்களை நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, வெளியே வைத்து, நொடிக்கும் குறைவான மின்துடிப்பால் செல்லின் தோலில் துளை திறந்து கத்தரியை உள்ளே விடுகிறார்கள். பிறகு கடும் மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். திருத்திய செல்களை இரத்தக் குழாயில் சும்மா ஏற்றினால் போதும். மேய்ச்சலுக்குப் போன மாடு தொழுவத்துக்குத் திரும்புவது போல அவை தாமாகவே மஜ்ஜையைத் தேடிப் போய் அடைகின்றன. வேலூர் சி.எம்.சி.யில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்குச் செய்ததும் இதே பாதைதான். அங்கே ஜீனைச் சுமந்தது நஞ்சு நீக்கிய வைரஸ். 2024 கடைசியில் வெளியான அந்த ஆய்வில் ஐந்து பேருக்கும் இரத்தக்கசிவு நின்றிருந்தது. நமக்குப் பக்கத்தில் நடந்த காரியம். நம் பேப்பர்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்?

காஸ்ஜெவியின் விலை அமெரிக்காவில் ஓர் ஆளுக்கு 22 லட்சம் டாலர். ரூபாயில் 18 கோடிக்கு மேல். வாரக்கணக்கில் பெரிய ஆஸ்பத்திரி வாசமும் வேண்டும். டீச்சர், உங்கள் கேள்விக்கு நேர் பதில்: இந்த மருந்து அட்டப்பாடிக்கு இப்போதைக்கு வராது. பிர்ஸா 101 விலையைக் குறைக்கும் என்கிறார்கள். குறையட்டும். அதுவும் ஆய்வகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து வர வேண்டும்.

நடந்து வருவதில் நம்முடைய வேகம் எனக்குத் தெரியும். இந்தியாவில் அரிவாள் செல் இருப்பதை 1952இல் எழுதினார்கள். லெமன், கட்புஷ் என்ற இருவர் இரத்தம் எடுத்தது எங்கே? உங்கள் அட்டப்பாடிக்கு மேலே, நீலகிரி மலைவாழ் மக்களிடம். நாடு முழுக்க 7 கோடிப் பேரைச் சோதிப்போம் என்று தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலை 1இல். இடையில் 71 வருடம். உங்கள் மலைப் பழங்குடிகளான இருளர், முடுகர், குறும்பர் கையிலிருந்து ஆராய்ச்சிக்கு இரத்தம் எத்தனை முறை கீழே இறங்கிப் போயிருக்கும்! அதே சுறுசுறுப்போடு மாத்திரை மேலே ஏறி வரவில்லை.

மாத்திரை என்றேனே, அதுவும் இருக்கிறது. ஹைட்ராக்ஸியூரியா. 1869இல் ஜெர்மனியில் செய்யப்பட்ட பழைய சரக்கு, பிறகு புற்றுநோய் மருந்து. 1980களில்தான் அது சிசு ஹீமோகுளோபினைக் கொஞ்சம் எழுப்பிவிடுகிறது என்று தெரிந்தது. அதாவது 18 கோடி ரூபாய்க் கத்தரி போகிற அதே திசையில், நாள்தோறும் ஒரு கேப்சூல் அரை தூரமாவது போகிறது. வலி வரும் தடவைகள் ஏறக்குறைய பாதியளவு குறைந்ததை 1995இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. இதில் புதுமை இல்லாததால் பேப்பரில் போட மாட்டார்கள்.

குறை உண்டு. வழக்கமாகக் கிடைப்பது 500 மில்லிகிராம் கேப்சூல். சின்னப் பிள்ளைக்கு அது அதிகம். பிரித்துத் தூளைப் பங்கிடுவது தப்பு. கை படக்கூடாத மருந்து. குழந்தைகளுக்கான அளவில் செய்து தாருங்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கம்பெனிகளை 2024இல்தான் கூப்பிட்டது. சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது வேண்டும். அட்டப்பாடியில் புதூர்ப் பக்கத்துக் குறும்பர் ஊர்கள் சிலவற்றுக்கு ஜீப் போகும் இடம் வரை போய் மிச்சம் நடைதான். ஒரு மாதம் மாத்திரை தீர்ந்துபோனால் சிசு ஹீமோகுளோபின் மெல்ல மறுபடி படுத்துவிடும். கொழுப்புருண்டையை மஜ்ஜைக்கு ஓட்டுவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கோட்டத்தறை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு ஒரு டப்பா மாத்திரையை மாதம் தவறாமல் ஏற்றுவதும் அதே அளவு கஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று. சோதனைக்குப் பிறகு முடிவை எழுதி ஒரு கார்டு கொடுக்கிறார்கள். தாய் வழி, தந்தை வழி வந்த இரண்டு ஜீனில் ஒன்றில் மட்டும் பிழை உள்ளவர் நோயாளி இல்லை. அப்படி இரண்டு பேர் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. அதை அறிந்து முடிவெடுக்கத்தான் கார்டு. அதை ஜாதகக் கட்டம் போல வைத்துக்கொண்டு பெண்ணை மட்டும் தள்ளிவிடுகிற வீடுகள் உண்டென்று காதில் விழுகிறது. மாப்பிள்ளையின் கார்டையும் எடுத்து வரச் சொல்ல வேண்டும்.

டீச்சர், உங்கள் வகுப்புப் பெண்ணுக்கு வருகிறேன். குளிர் காலத்தில் முதல் பீரியடில் அவளுக்குக் கை கால் விறைத்தால் வெயில் படும் பெஞ்சில் உட்கார வையுங்கள். ஓட்டப் பந்தயத்துக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். காய்ச்சல் என்றால் சாயங்காலம் வரை காத்திராமல் கோட்டத்தறைக்கு அனுப்புங்கள். தண்ணீர் பாட்டில் எப்போதும் அவள் மேஜைமேல் இருக்கட்டும். உடம்பில் தண்ணீர் வற்றினால் அணுக்கள் சீக்கிரம் வளையும். இந்த நோயில் சிறுநீரகத்தால் சிறுநீரைக் கெட்டிப்படுத்த முடியாது. அதனால் மற்றப் பிள்ளைகளைவிட அடிக்கடி அவளுக்கு ஒன்றுக்கு வரும். பாடத்துக்கு நடுவே அவள் எழுந்து நின்றால் ஏன் என்று கேட்காமல் போகச் சொல்லுங்கள்.