புது செயின் ஏன் நழுவுகிறது?

பழைய சைக்கிளுக்குப் புது செயின் மாட்டி மேட்டில் அழுத்தி மிதித்தால், 'டக்'கென்று நழுவுகிறதே, ஏன்?

செயினின் அடுத்தடுத்த ஆணிகளுக்கு இடையே 12.7 மி.மீ. தூரம், பல்சக்கரத்தின் பற்களும் அதே கணக்குதான். மணலும் எண்ணெயும் கலந்த கறுப்புப் பசை ஆணிகளை அராவ, மூட்டுகள் தளர்ந்து செயின் நீள்கிறது. நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி, விசை தாங்கும் பக்கத்தை மட்டும் தேய்க்கிறது. பல் சுறாத் துடுப்புபோல் ஒருக்களித்துவிடும். அதில் புது செயின் எப்படிப் பொருந்தும்? பற்கள் குறைவான பின்சக்கர ஃப்ரீவீல்தான் சீக்கிரம் தேயும்; அங்கே ஒவ்வொரு பல்லுக்கும் வேலை அதிகம்.

செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்க, ஸ்கேலின் தொடக்கத்தை ஓர் ஆணியின் நடுவில் வையுங்கள். 24 கண்ணி தள்ளியுள்ள ஆணி 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அரை நூல் தாண்டியதுமே செயினை மாற்றினால் பற்கள் பிழைக்கும். ஒரு நூல், அதாவது 1/8 அங்குலம் தாண்டிவிட்டால் பல்சக்கரத்துக்கும் சேர்த்துச் செலவுதான்.